ஆடு இன்னும் கிடைக்கவில்லை

மணல்மேட்டுக்குப்பம்,
பழவேற்காடு.
செப்டம்பர் 10

மகா கனம் பொருந்திய வருங்கால சிஸ்டர் ஜெசிந்தா அவர்களின் சமுகத்துக்கு, கடைக்குட்டித் தம்பி சின்னப்பன் தெண்டனிட்டு அறிவிப்பது என்னவென்றால்:

ஆடி மாதத்தில் அலை அடித்துக்கொண்டு போன தங்களுடைய இடது கால் ரப்பர் செருப்பு, நேற்று மாலை, நம் கோயிலுக்கு நேர் கிழக்கே, சகல மரியாதைகளுடன் கரை ஒதுங்கியது. உடல்நிலை சுமார். வார் அறுந்திருக்கிறது. குதிகாலில் சிப்பி குடியேறியிருக்கிறது. செய்தி கேட்டு ஊரே திரண்டது என்று எழுத ஆசைதான். திரண்டது நானும் உன் வகுப்புப் பையன் சுபாஷும் ஒரு நாயும். வலது கால் செருப்பை அம்மா இத்தனை நாளாகத் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறது. ஏன் என்று கேட்டேன். "ஜோடி வரும்டா" என்றது.

நைனா நலம், கடலுக்குப் போய்வருகிறார். அம்மா நலம், என்னைத் திட்டி வருகிறது. உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் மதருக்கும் என் வணக்கம். மதர், எழுத்துப் பிழை இருந்தால் அக்காவைக் கேளுங்கள். எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது அவள். போன் கூட இல்லாத மலைமேல் ஒரு வருஷம் படித்துத்தான் சிஸ்டர் ஆக வேண்டுமாம். நான் பிறந்த நாளிலிருந்து எனக்கு அவள் சிஸ்டர்தானே. ஏற்காடு வரை எதற்கு?

விஷயத்துக்கு வருகிறேன். நீ விட்டுப்போன ஞாயிறு மறைக்கல்வி வகுப்பை உபதேசியார் என் தலையில் கட்டிவிட்டார். "ஜெசிந்தா மாரியே வெளிய வச்சே நடத்து. உள்ள வச்சா இதுங்க கோயில் ஓட்ட எண்ணிடும்" என்றார். சரி என்று, பாறைமேல் வீடு கட்டினவன், மணல்மேல் வீடு கட்டினவன் கதையை எடுத்தேன். நம் ஊரில் பாறைக்கு எங்கே போவது? அலைத் தடுப்புக்குக் கொட்டியிருக்கிற கருங்கல்தான். பாதிப் பிள்ளைகள் அதன்மேல் வீடு கட்டினார்கள். மீதிப் பேர் அடம்பங்கொடிக்குப் பின்னால் மணலில் கட்டினார்கள். ஒரே அலை. கல் வீடு காலி. மணல் வீடு கல்யாண மண்டபம் மாதிரி நிற்கிறது.

"அப்ப ஏசு சாமி மாத்திச் சொல்ட்டாராண்ணா?" என்று சுபாஷ் கேட்டான். நான் திருதிருவென்று விழிக்க, நீ பஸ் ஏறும்போது என் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனாயே, கங்கையம்மன் கோயில் தெரு தேவகி அக்கா மகள் சுதா, இரண்டாம் வகுப்பு, அது சொல்கிறது: "கல்லு நல்ல கல்லுதான். கடலுக்குள்ள போயி யாராவது ஊடு கட்டுவாங்களா?"

வகுப்பு என்னைவிட அவளுக்குத்தான் நன்றாக வருகிறது. ஆனால் என் சுண்டு விரலை விட மாட்டேன் என்கிறாள். விட்டால் அதே இடத்தில் நின்றுவிடுகிறாள். ஒரு நல்ல பாடமாக எழுதி அனுப்பு.

உன் செருப்புக்குக் காவலன்,
சின்னப்பன்


ஏற்காடு
செப்டம்பர் 28

அன்புள்ள தம்பி சின்னாவுக்கு,

ஏசுவின் சமாதானம் நம் வீட்டில் தங்கட்டும். நான் நலம். இங்கே குளிர். துவைத்த துணி மூன்று நாள் காய்வதில்லை. காற்றில் உப்பே இல்லை.

உன் கடிதத்தை மதர் படித்துவிட்டு என்னிடம் கொடுக்கும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டு கொடுத்தார்கள். செருப்பை வைத்திரு.

ஐப்பசியில் பூநாரைகள் வந்துவிடும். பிள்ளைகளைப் படகுத்துறைப் பக்கம் கூட்டிப்போய், சத்தம் போடாமல் உட்காரவைத்துப் பார்க்கச் சொல். அவை விதைப்பதில்லை, களஞ்சியம் கட்டுவதில்லை, ஆனாலும் பசியாறுகின்றன. அதை அவர்கள் வாயால் வரவழை. நீ சொல்லாதே.

சுதா விரலை விட்டால் நிற்கிறாள் என்று எழுதியிருந்தாய். அவள் யாரையும் சீக்கிரம் நம்ப மாட்டாள், நம்பினால் பிறகு எதுவும் கேட்க மாட்டாள். தேவகி அக்கா வேறு கோயிலுக்குப் போகிறவர்கள், என்னை நம்பித்தான் அனுப்பினார்கள். நான் உன்னை நம்பிவிட்டு வந்தேன். மற்ற பிள்ளைகள் எப்படியும் பிழைத்துக்கொள்வார்கள். இவளை மட்டும் விட்டுவிடாதே.

அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எழுது.

அக்கா ஜெசிந்தா


மணல்மேட்டுக்குப்பம்
அக்டோபர் 20

உப்பில்லாத ஊரில் இருக்கும் அக்காவுக்கு,

கடிதத்தோடு கொஞ்சம் உப்பு மடித்து அனுப்பலாமா என்று மதரிடம் கேட்டுச் சொல். நாங்கள் நலம். அம்மாவின் முழங்காலும் நலம். வலியும் நலமாக இருக்கிறதாம்.

பூநாரைகள் முதல் கூட்டம் வந்துவிட்டது. நீ சொன்னபடியே உட்காரவைத்தேன். "பாருங்க, இதுங்க கஷ்டப்படுதா?" என்று கேட்டேன். சுபாஷ் சொன்னான்: "காலையிலேர்ந்து தலையச் சேத்துக்குள்ள வுட்டுகினு நிக்குதுண்ணா. இது கஷ்டம் இல்லன்னா எது கஷ்டம்?" எங்கள் வகுப்பில் சாத்தானுக்கு வேலையே இல்லை, சுபாஷ் பார்த்துக்கொள்கிறான்.

சுதா ஒவ்வொரு பறவையாக எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு, "இதுங்களுக்கு நம்ம ஏரி இங்கதான் இருக்குதுன்னு யாருண்ணா சொன்னது?" என்று கேட்டாள். சாமி என்றேன். "அப்ப ஜெசிந்தாக்காவுக்கும் சொல்லுவாரா?" என்றாள். சொல்லுவார் என்றேன். தப்பாக எதுவும் சொல்லவில்லையே?

அடுத்த பாடம் ஓடியாடுகிற மாதிரி இருக்கட்டும். உட்கார்ந்து உட்கார்ந்து என் பக்தியெல்லாம் மரத்துப்போகிறது.

வழக்கம்போல் நல்லவன்,
சின்னப்பன்


ஏற்காடு
நவம்பர் 2

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகமாய் இருக்க ஜெபிக்கிறேன். நேற்றும் மழை, இன்றும் மழை. சுதா கேட்டதைப் படித்துவிட்டு வெகுநேரம் ஜன்னலோரம் நின்றேன். நீ தப்பாக எதுவும் சொல்லவில்லை.

ஓடியாடுகிற பாடம்தானே வேண்டும்? காணாமற்போன ஆடு. ஒரு பிள்ளை ஆடாகப் போய் ஒளிந்துகொள்ளட்டும். மற்ற எல்லோரும் மேய்ப்பனோடு சேர்ந்து தேடட்டும். மணலில் காலடி பார்க்கட்டும், சவுக்குத் தோப்பில் கிளை ஒடிந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். கண்டுபிடித்ததும் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலமாக வாருங்கள். கூடவே சுண்டல்.

ஒன்றே ஒன்று. ஆடாக இருக்கிற பிள்ளையை அதிக நேரம் காத்திருக்க வைக்காதே. ஒளிந்திருக்கிறவர்களுக்கு நேரம் வேறு மாதிரி ஓடும்.

அக்கா ஜெசிந்தா


மணல்மேட்டுக்குப்பம்
நவம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

ஆடு விளையாட்டு நடந்தது. அமோக வெற்றி. பிள்ளைகள் எல்லோரும் ஓடினார்கள். அன்றைக்கு வேணு மாமாவின் கரைவலையில் நல்ல மீன். நமக்கும் பங்கு கிடைத்தது. மழை விட்டு விட்டுப் பெய்கிறது. அரைப் பரீட்சை வருவதால் இனி அடிக்கடி எழுத முடியாது.

சின்னப்பன்


ஏற்காடு
டிசம்பர் 12

அன்புள்ள சின்னாவுக்கு,

பிறக்கப்போகும் பாலகன் நம் வீட்டைக் காக்கட்டும். இங்கே குடில் கட்ட ஆரம்பித்துவிட்டோம். வைக்கோலுக்குப் பதில் மலைப்புல். முதல் கிறிஸ்துமஸ், வீட்டில் இல்லாமல்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒரு கேலி கூட இல்லை. மதர்கூட, "தம்பிக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள். விளையாட்டு வெற்றி என்று எழுதியிருக்கிறாய். ஆடு யார் என்று எழுதவில்லை. சுதாவைப் பற்றி ஒரு வரி இல்லை.

கிறிஸ்துமஸுக்குள் எழுது. வாழ்த்து அட்டை வேண்டாம், நீ கைப்பட எழுதினால் போதும்.

அக்கா ஜெசிந்தா


ஏற்காடு
ஜனவரி 6

சின்னா,

புத்தாண்டு ஆசீர்வாதங்கள். கடிதம் எதுவும் வரவில்லை. அம்மா, நைனா சுகம்தானே?

ஜெசிந்தா


மணல்மேட்டுக்குப்பம்
ஜனவரி 19

அக்கா,

எல்லோரும் சுகம். அதில் பொய் இல்லை. மற்றதில் இருக்கிறது. மறைக்கல்வி நடத்தப் போன இடத்தில் நான் நன்றாகக் கற்றுக்கொண்டது மறைக்கிற கல்வி.

ஆடு சுதா.

அவளைத்தான் தேர்ந்தெடுத்தேன், சொன்னால் சொன்னபடி இருப்பாள் என்று. கோயிலுக்குப் பின்னால் நைனாவின் பழைய படகு கவிழ்த்துப் போட்டிருக்கிறதே, அதற்குள் அனுப்பினேன். அனுப்பியவன் சும்மா இருந்திருக்கலாம். கொஞ்சம் பந்தா சேர்த்தேன். "யார் கூப்ட்டாலும் வரக்கூடாது. ஆட்டுக்கு மேய்ப்பன் கொரல் மட்டும்தான் தெரியணும். நான் கூப்ட்டாதான் வரணும்" என்றேன். தலையாட்டினாள். என் விரலை அவளாகவே விட்டாள், அக்கா. அதுதான் முதல் தடவை.

நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தபோது வேணு மாமாவின் வலைக்கு ஆள் கூப்பிட்டார்கள். மதருக்காக இதை எழுதுகிறேன்: எங்கள் ஊரில் கரைவலை இழுக்கும்போது, வலையின் மடி, அதாவது மீன் சேர்கிற பை, கரையேறுவதற்குள் யார் வந்து கயிற்றில் கை வைத்தாலும் அவர்களுக்கு மீனில் ஒரு பங்கு உண்டு. சின்னவர் பெரியவர் கிடையாது, எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்றும் கிடையாது. மடி ஏறிய பிறகு வந்தால் வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். அதனால் அந்தக் குரல் கேட்டால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவன்கூடக் கையைக் கழுவாமல் ஓடுவான். பிள்ளைகள் ஓடினார்கள். அவர்களுக்கு முன்னால் நான் ஓடினேன்.

மடி நிறைய மீன். எனக்கு அவள் ஞாபகமே வரவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தேவகி அக்கா "சுதா, சுதா"ன்னு கத்திக்கொண்டு கரையெல்லாம் ஓடுகிறது. அந்தப் படகுப் பக்கமே இரண்டு தரம் போயிருக்கிறது. உள்ளே இருந்தவள் அம்மா குரலைக் கேட்டும் வாயைத் திறக்கவில்லை. நான் சொல்லிவைத்த பாடம் அப்படி. ஆட்கள் கடலுக்குள் இறங்கித் தேட ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஓடிப்போய்ப் படகு பக்கத்தில் நின்று கூப்பிட்டேன். உடனே வெளியே வந்தாள். முடியெல்லாம் மணல். என்னைப் பார்த்து, "இவ்ளோ நேரம் தேடுனியாண்ணா?" என்றாள்.

நான் "ஆமா"ன்னு சொன்னேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். கையில் மீன் கோர்த்த பனை ஓலை இருந்தது. அதோடேயே ஓடி வந்திருக்கிறேன். தேவகி அக்கா வந்து தூக்கிக்கொண்டு போனது. அந்த மீனை அம்மா குழம்பு வைத்தது. நான் சாப்பிடவில்லை. வயிற்று வலி என்று சொன்னேன்.

அதிலிருந்து சுதா வகுப்புக்கு வருவதில்லை. பொங்கலுக்குப் பிறகு தைரியம் வந்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். தேவகி அக்கா கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தது. "ஜெசிந்தா இருந்தா என் பொண்ணு அங்க ஒக்காந்திருக்குமாடா?" என்று மட்டும் கேட்டது. சுதா கருவாட்டுத் தட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். "வா சுதா, ஆட்டம்தான் முடிஞ்சிபோச்சே, மன்னிச்சிக்கோ" என்றேன். அவள் தட்டியைவிட்டு வெளியே வராமலே சொன்னாள்: "முடியல. நீ கூப்ட்ட, நான் வந்தேன். நீ தேடவே இல்ல. ஆடு இன்னும் கெடைக்கல."

அக்கா, என்ன செய்வது என்று எழுது. திட்டியும் எழுது. ஆனால் எழுது.

மேய்ப்பன் வேலைக்கு வந்த ஏய்ப்பன்,
சின்னப்பன்


ஏற்காடு
மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

ஏசுவுக்குத் தோத்திரம். நான் இப்போது நலம்.

உன் கடிதம் வந்த அன்றே படித்தேன். பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது. உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். இருந்தது. ஆனால் தாமதத்துக்கு அது மட்டும் காரணம் இல்லை.

கிறிஸ்துமஸ் அன்று இங்கே எல்லோருக்கும் வீட்டிலிருந்து கடிதம் வந்தது. நான் தலைவலி என்று சொல்லிவிட்டு விறகுக் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டேன். அதற்குப் பிறகு ஜனவரியில் ஒரு நாள் பெட்டியைக் கட்டினேன். பிறகு அவிழ்த்தேன். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். கொட்டகையில் இருந்த அன்று மணி அடித்தார்கள், என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கேட்டது. எழுந்து போகத் தோன்றவில்லை. எங்கள் சமையலறையில் வேலை செய்கிற ராஜம்மா அக்கா கூப்பிடவில்லை. ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தார்கள். கொட்டகைக் கதவைத் திறந்தபோது அவர்களுக்கு மூச்சு வாங்கியது. "இங்கயா இருக்க" என்று பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான்.

அதனால் அந்தச் சின்னப் பெண் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஜெசிந்தா


மணல்மேட்டுக்குப்பம்
ஏப்ரல் 7

சகல சம்பத்தும் சமாதானமும் பொருந்திய அக்காவுக்கு,

எழுந்து நின்று படிக்கவும். மதரும் எழுந்து நிற்கலாம். ஆடு கிடைத்துவிட்டது.

முதலில் ஒன்று. விறகுக் கொட்டகை விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. நான் கிறிஸ்துமஸுக்கு எழுதாமல் இருந்தபோது நீயும் ஒரு படகுக்குள்தான் இருந்தாய் என்று எனக்குத் தெரியாது. இனிமேல் தெரியும். நாங்கள் சுகம். அம்மா உனக்கு இறால் பொடி இடித்துவைத்திருக்கிறது.

உன் கடிதம் வந்த பிறகு வகுப்பையே மாற்றிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் வேலை ஒன்றே ஒன்று, சுதாவைத் தேடுவது. தேவகி அக்காவிடம் போய்ச் சொன்னேன். "உன் பொண்ணு ஒளியட்டும், நாங்க தேடறோம்." தேவகி அக்கா, "ஒளியறதுக்கு மட்டும்தான் வுடுவேன், கிளாசுக்கு இல்ல" என்றது. சரி என்றேன்.

அந்தப் பெண் ஒளிவதில் மகாராணி, அக்கா. தேடித் தேடி நாங்கள் இந்தக் கரை முழுக்கப் படித்துவிட்டோம். நண்டு வளையில் எது புதுசு, எது பழசு என்று எங்களுக்குத் தெரியும். சவுக்குத் தோப்பில் கீரி குட்டி போட்டிருக்கிறது. ஆமை ஏறி முட்டையிட்டுப் போன தடத்தைச் சுபாஷ் கண்டுபிடித்தான். வன இலாகா ஆள் வரும்வரை நாய் வராமல் பிள்ளைகள் மாறி மாறிக் காவல் இருந்தார்கள். "ஆமை முட்டையப் போட்டுட்டுத் திரும்பிக்கூடப் பாக்காமப் போயிடுது. அப்ப குஞ்சுங்கள யாருண்ணா பாத்துக்குவாங்க?" என்று சுபாஷ் கேட்டான். சாமி என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவனே, "இன்னைக்கு நாமதான்" என்றான். பாடம் தானாக நடக்கிறது, நான் சுண்டல் மட்டும் அவிக்கிறேன். சுதாதான் கிடைக்கவில்லை. தேவகி அக்கா கருவாட்டுக் களத்தில் நின்று நாங்கள் அலைவதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் மோவாயால் வடக்கே காட்டியது. வடக்கே ஓடினோம். அவள் தெற்கே இருந்திருக்கிறாள்.

போன ஞாயிறு தேட ஆரம்பிக்கிற நேரத்தில் வேணு மாமா வலைக்கு ஆள் கூப்பிட்டார்கள். கவலை மீன் கூட்டம். கவலை வந்தால் சந்தோஷப்படுகிற ஊர் எங்களுடையதுதான் மதர். பிள்ளைகள் ஓடினார்கள், நானும் ஓடிக் கயிற்றைப் பிடித்தேன். பிடித்த கை அப்படியே நின்றது. ஊரே பார்க்க, மடி ஏறுவதற்குள், கயிற்றை விட்டேன். "பங்கு போயிடும்டா" என்று கத்தினார்கள். போகட்டும் என்று நடந்தேன். காலடித் தடம் பார்த்தேன். காற்றின் திசை பார்த்தேன். நேராகப் போனேன். அதே கவிழ்ந்த படகு. அதன் முதுகில் தட்டிக் குனிந்து பார்த்தேன். உள்ளே சுதா. "கண்டுபிடிச்சிட்டேன்" என்றேன். தோளில் தூக்கிக்கொண்டு தெரு வழியாக வந்தேன். தேவகி அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது.

அடுத்த ஞாயிறிலிருந்து வகுப்புக்கு வருகிறாள். என் பெயரை ஏதாவது நல்ல மேய்ப்பர்கள் பட்டியலில் சேர்க்க முடியுமா என்று அங்கே விசாரிக்கவும்.

வெற்றி வீரன்,
சின்னப்பன்


ஏற்காடு
ஏப்ரல் 20

என் அன்புத் தம்பிக்கு,

உயிர்த்த ஆண்டவரின் மகிழ்ச்சி உன்னோடு. உன் கடிதத்தை நின்றுகொண்டுதான் படித்தேன். மதர் உட்கார்ந்தார்கள், அவர்களுக்கும் முழங்கால் வலி.

சாயங்கால ஜெபத்தில் அதைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். நீ கயிற்றை விட்ட இடம் வந்ததும் ராஜம்மா அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என்னைத் தவிர எல்லோரும் அழுதார்கள். நான் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

மே கடைசியில் எனக்கு முதல் வார்த்தைப்பாடு, சிஸ்டராக வாக்குக் கொடுக்கிற நாள். ஆமாம், கொடுக்கப்போகிறேன். அன்றைய பூசையில் பிரசங்கம் வைக்கிற சாமியாரிடம் மதர் உன் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். அவர் அதையே பிரசங்கமாக வைக்கப்போகிறாராம், உன் பெயரைச் சொல்லி. ஊரிலிருந்து அம்மா, நைனா, உபதேசியார் எல்லோரும் வருவார்கள். நீ முன் வரிசையில் உட்கார வேண்டும். புதுச் சட்டை எடுத்துக்கொள்.

அதற்கு முன் சில நாள் வீட்டுக்கு வருகிறேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போது சுதா நின்றால் நன்றாக இருக்கும்.

உன் அக்கா ஜெசிந்தா


மணல்மேட்டுக்குப்பம்
மே 1

அக்கா,

எல்லோரும் நலம், என்னைத் தவிர. உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பிரசங்கத்தை நிறுத்து. மதர், நீங்கள்தான் முதலில் படிப்பீர்கள், தயவுசெய்து சாமியாரை இன்றைக்கே பிடியுங்கள்.

கயிற்றை விட்டது நிஜம். அது ஒன்றுதான் முழு நிஜம். அதுவும் ஊரே பார்க்க இல்லை. எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாரும் கத்தவில்லை. மெதுவாக நழுவினேன்.

காலடித் தடமும் இல்லை, காற்றின் திசையும் இல்லை. தோப்பில் தேடினேன், இல்லை. ஆமைக் குழிப் பக்கம் இல்லை. நம் கோயில் மணிக்கூண்டில் இல்லை. கங்கையம்மன் கோயில் மதிலுக்குப் பின்னால் போனேன், அங்கே ஓர் ஆடு இருந்தது, நிஜ ஆடு. கடைசியில் அந்தக் கவிழ்ந்த படகுக்குப் போனேன். நேராகப் போனேன் என்று எழுதியிருந்தேனே, எல்லா இடமும் தீர்ந்துபோய்த்தான் போனேன். தட்டினேன். குனிந்தேன். காலி.

திரும்பிப் போயிருக்கலாம். எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க உள்ளே நுழைந்தேன். இருட்டு. பழைய மீன் வாடை. முதுகை நிமிர்த்த முடியாது. பலகை இடுக்கு வழியாக வலைப் பக்கத்துச் சத்தம் எல்லாம் கேட்கிறது, சிரிப்பு, சண்டை, எல்லோர் பெயரும். என் பெயரை மட்டும் யாரும் சொல்லவில்லை. நான் இல்லாததே அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஏழு வயசுப் பெண்ணை இதற்குள் உட்காரவைத்துவிட்டு மீன் பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். கண்ணில் மணல் விழுந்தது, அக்கா. இரண்டு கண்ணிலும்.

எவ்வளவு நேரமோ தெரியவில்லை. நீ எழுதியது சரி, உள்ளே நேரம் வேறு மாதிரிதான் ஓடுகிறது. படகின் முதுகில் யாரோ டப் டப்பென்று தட்டினார்கள். ஒரு முகம் தலைகீழாக எட்டிப் பார்த்தது.

"கண்டுபிடிச்சிட்டேன்" என்றது முகம்.

சுதா. கையில் உன் இடது கால் செருப்பு. அதை வைத்துத்தான் தட்டியிருக்கிறாள். நம் வீட்டில் நான் இருக்கிறேனா என்று தேடிப்போனவள், வாசலில் கிடந்ததை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

அன்றைக்கு அவள் ஒளியவே இல்லையாம். வலைக்கு ஆள் கூப்பிட்டதும் எல்லோரையும் போலக் கயிற்றுக்குத்தான் வந்திருக்கிறாள், எனக்கு இரண்டு ஆள் பின்னால். நான் கயிற்றை விட்டுப் போனதைப் பார்த்த ஒரே ஆள் அவள். நான் விட்ட இடத்தில் வந்து நின்று மடி ஏறும்வரை பிடித்திருக்கிறாள். பங்கு பிரிக்கும்போது வேணு மாமாவிடம் சொன்னாளாம்: "ஒண்ணு எனக்கு. ஒண்ணு எங்க அண்ணனுக்கு. அவரு என்னத் தேடப் போயிருக்காரு." வேணு மாமா இரண்டு பங்கு போட்டிருக்கிறார்.

மீனைத் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு என்னைத் தேடக் கிளம்பியிருக்கிறாள். தோப்பு, ஆமைக் குழி, மணிக்கூண்டு, மதில், நான் போன எல்லா இடத்துக்கும் அவளும் போய்த் தேடியிருக்கிறாள். முழங்காலில் சப்பாத்திக்கள்ளி முள் கீறியிருந்தது. கயிறு இழுத்த உள்ளங்கை சிவந்திருந்தது.

"இவ்ளோ நேரம் தேடுனியா?" என்று கேட்டேன்.

"ஆமா" என்றாள். அவள் சொன்ன ஆமாவில் பொய் இல்லை.

நான் வெளியே வர முயன்றேன். வளர்ந்துவிட்டேன் போலிருக்கிறது, இடுப்பு மாட்டிக்கொண்டது. அவள் சுண்டு விரலை நீட்டினாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். தோளில் தூக்கினேன் என்று எழுதியிருந்தேனே, தூக்கப் போனேன், அவள் வேண்டாம் என்றுவிட்டாள். "நீ அழுதுகினு இருக்க, கீழ போட்டுடுவ" என்றாள். தெரு முழுக்க அவள்தான் என் விரலைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள், ஒரு கையில் உன் செருப்போடு. தேவகி அக்கா கொடுத்த தண்ணீர் குடிக்க இல்லை, நான் முகம் கழுவ.

பஸ் நிற்கிற இடத்துக்கு அவள் வருவாள். தேவகி அக்காவும் வருகிறேன் என்றது. பிரசங்கம் கட்டாயம் வேண்டுமென்றால் வைக்கட்டும், ஆனால் சாமியாரிடம் ஒரு திருத்தம் சொல்லிவிடு. மேய்ப்பன் பெயர் சுதா, இரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள், முன் வரிசையில் அவளை உட்காரவைக்கவும். நான் கடைசி வரிசையில், நைனா முதுகுக்குப் பின்னால் இருந்துகொள்கிறேன். புதுச் சட்டை எடுக்கவில்லை.

இப்படிக்கு,
கிடைத்துவிட்ட ஆடு,
சின்னப்பன்